டூட்டி கட்டிய சாக்ஸ்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தெருவுக்கு அவர் மிச்சம். மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. வீடு வீடாகப் போவார். சுவரில் இருக்கும் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார், எண்ணைக் குறித்துக்கொள்வார், போகிறபோது ஒரு யோசனையை விட்டுவிட்டுப் போவார்.

"ஃபிரிட்ஜைச் சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க. மிச்சம்."

"வாசலுக்கு எதுக்கு ரெண்டு லைட்டு? ஒண்ணைக் கழட்டுங்க. மிச்சம்."

யோசனையைக் கேட்ட வீடுகளில் என்ன மிச்சமானது என்று யாரும் சொன்னதில்லை. பெயர் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

ஒருமுறை செருப்புக் கடையில் ஜோடி மாறிப்போன இரண்டு இடது கால் செருப்புகளைப் பாதி விலைக்கு வாங்கினார். முதலில் வலது கால் முரண்டு பிடித்தது. பிறகு அதுவும் குடும்பத்தின் நிலையைப் புரிந்துகொண்டு ஒத்துப்போனது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கூடவே போவார். மனைவியைப் பார்த்து முடித்ததும், "இதே இருமல் எனக்கு வந்திருந்தா என்ன எழுதுவீங்க டாக்டர்?" என்பார். டாக்டர் இரண்டு தடவை ஏமாந்தார். மூன்றாவது தடவை, "உங்களுக்கு வந்திருந்தா ஊசிதான் போடுவேன்" என்றார். இருமல் அங்கேயே நின்றது.

மனைவி, பேட்ஜ் அக்கா. வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு அவளுடைய எம்பிராய்டரி மெஷின் நின்றது. பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் கேட்கும். ஊரில் பாதிப் பள்ளிகளின் சட்டைப் பைகளில் இருந்த விளக்கும் புத்தகமும் ஆந்தையும் அந்த அறையில் பிறந்தவை. மெஷின் ஓடும்போது சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தச் சத்தம் இருந்தால்தான் மிச்சத்துக்கு மதியத் தூக்கம் வரும்.

மெஷினுக்குக் கீழே ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் சமன் செய்துவிடும். ஒரு விடுமுறை நாளில் மிச்சம் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

"இது சும்மாவே உக்காந்து கரண்டு தின்னுது."

"அது அதோட வேலைங்க. கை வைக்காதீங்க."

"மீட்டர் பாக்கறவனுக்கு நீ சொல்றியா?"

கழற்றினார். மெஷினையும் கம்ப்யூட்டரையும் நேராகச் சுவரில் செருகினார். அன்று மாலை மின்சாரம் ஒரு நிமிடம் போய், போன வேகத்தில் கோபத்தோடு திரும்பி வந்தது. கம்ப்யூட்டருக்குள் பட்டென்று ஒரு சத்தம். தீய்ந்த வாசனை. ஆந்தைக்கு ஒரு கண் தைத்து முடிந்திருந்தது. மறு கண்ணுக்கு மெஷின் வரவில்லை.

பேட்ஜ் அக்கா வந்து பார்த்தாள். ஸ்டெபிலைசரைத் தூக்கி அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரிப்பேர்காரர் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவே பேச்சு நடத்துகிற கார்டு ஒன்று உண்டு. அது கருகிப் போயிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து, இறந்த பல்லியைத் தூக்குவதுபோல வெளியே எடுத்தார்.

"இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லைக்கா. புது மெஷின் எடுத்துக்கங்க."

"புது மெஷினா? இதுக்கே இன்னும் தவணை கட்டறேன்."

"அப்ப வெளிநாட்டுலதான் தேடணும். அங்க சில பேரு பழசையெல்லாம் பத்திரமா வெச்சிருப்பாங்க. ஏன்னு கேக்காதீங்க."

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆந்தைச் சின்னம் உள்ள பெண்கள் பள்ளிதான் பெரிய ஆர்டர். அதன் தலைமையாசிரியை போன் செய்தார்.

"பக்கத்து ஊர் ஃபேக்டரியில துணியிலயே அச்சடிச்சுத் தர்றாங்களாம். நான் இன்னும் சரின்னு சொல்லலை."

"சொல்லாதீங்க டீச்சர். அச்சடிச்ச ஆந்தை ரெண்டு துவையல்ல கோழி ஆயிடும்."

"திறக்கற அன்னிக்குப் பிள்ளைங்க சட்டையில ஏதாவது இருக்கணும். ஆந்தையா கோழியான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் பள்ளி கையைவிட்டுப் போனால் மற்றவையும் வரிசையாகப் போகும். பேட்ஜ் அக்காவுக்குத் தெரியும். மிச்சத்துக்கும் தெரியும். அவர் இரண்டு நாளாக மதியம் தூங்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லை.

தேடிக் கண்டுபிடித்தது அவர்தான். செல்போனில் ஒரு பக்கம் திறந்தது. கருகிய கார்டின் உடன்பிறப்பு ஒன்று பளபளவென்று கிடந்தது. விற்பவர் எங்கோ குளிர் நாட்டில் இருந்தார். படத்தில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில், மார்பு வரை வளர்ந்த நரைத்த தாடியோடு நின்றார். பின்னால் கூரைவரை பழைய கம்ப்யூட்டர் சாமான்கள். விலையைப் பார்த்து மிச்சம் துள்ளினார்.

"ஒரு ஜோடி செருப்பு விலைதான்!"

"எந்த ஜோடி? ரெண்டும் இடது காலா?"

'வாங்கு' என்பதைத் தொட்டதும் செருப்போடு சட்டையும் சேர்ந்தது. அது தபால் செலவு. பெட்டி பத்திரமாக வர ஒரு தொகை. பெட்டி வராவிட்டால் வருத்தப்பட ஒரு தொகை. பணத்தை அந்த நாட்டுப் பணமாக மாற்ற வங்கிக்கு ஒரு தொகை. மாற்றிக் கொடுத்ததை மேற்பார்வையிட இன்னொரு தொகை. கடைசியில் ஒரு கல்யாணத்துக்கே உடுத்திக்கொண்டு போகலாம் போல ஆகிவிட்டது. மிச்சம் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தொகை மாறவில்லை.

பணம் பேட்ஜ் அக்காவின் கணக்கிலிருந்து போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் யாரோ மிச்சத்திடம் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டுச் சாமானுக்குச் சுங்கத்தில் டூட்டி தீட்டுவார்கள். பரிசு என்று எழுதியிருந்தால் விட்டுவிடுவார்கள். மிச்சம் போனிலேயே மொழிமாற்றித் தாடிக்காரருக்கு எழுதினார். பெட்டியின்மேல் பரிசு என்று எழுதவும், விலையைக் குறைத்துப் போடவும்.

மறுநாள் பதில் வந்தது. போன் அதைச் செய்தி வாசிப்பவர் தமிழில் மாற்றிக் கொடுத்தது. 'அன்புள்ள ஐயா, என்னால் பொய் எழுத இயலாது. எனினும் தங்கள் இடர்ப்பாடு புரிகிறது. ஒரு வழி செய்துள்ளேன். கவலை வேண்டாம்.'

"பாத்தியா, ஒரு வழி செய்திருக்காராம். விவரமான ஆளு" என்றார் மிச்சம்.

பிறகு பெட்டி கிளம்பியது. அது எங்கே இருக்கிறதென்று போனில் பார்க்கலாம். மிச்சம் மீட்டர் பார்க்கிற இடைவெளியில் எல்லாம் பார்த்தார். பெட்டி தாடிக்காரரின் ஊரைவிட்டு வடக்கே போனது. வந்து சேர வேண்டிய நாடு தெற்கே இருந்தது. பெட்டி ஒரு தீவில் இரண்டு நாள் தங்கியது. 'வரிசைப்படுத்தப்படுகிறது' என்று இருந்தது. பிறகு மறுபடியும் தாடிக்காரரின் ஊர்.

"ஏதாவது மறந்துட்டு வந்திருக்கும். எடுத்துக்கிட்டுக் கிளம்பும்" என்றாள் பேட்ஜ் அக்கா. துணியை வெட்டி அடுக்கி வைத்துவிட்டு, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாகப் பெட்டி நாட்டுக்குள் வந்தது. வந்து அசையாமல் உட்கார்ந்துகொண்டது. சுங்கக் கிடங்குக்கு நேரில் வரச் சொல்லித் தகவல் வந்தது. கூடவே, இன்றிலிருந்து தினமும் வாடகை ஓடும் என்றும். கிடங்கில் ஒரு பெட்டி தூங்குவதற்கு வாடகை என்பதை மிச்சத்தால் தாங்க முடியவில்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினார்.

கிடங்கின் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். அது வயிற்று உயரத்தில் இருந்தது. பொய் சொல்கிறவர்களும் உண்மை சொல்கிறவர்களும் ஒரே மாதிரி குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள். மிச்சத்தின் முறை வந்தது.

"விலைன்னு போட்ட இடத்துல சைபர் இருக்கு."

மிச்சம் மகிழ்ந்தார். குறைத்துப் போடச் சொன்னதற்குத் தாடிக்காரர் முழுசாகவே வழித்துவிட்டிருக்கிறார்.

"பரிசுங்க மேடம். பரிசுக்கு ஏதுங்க விலை?"

"சைபர்னு போட்டா கம்ப்யூட்டர் வாங்காது. யாரு அனுப்பினது?"

மிச்சம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ஒரு பலகை மாட்டியிருந்தது. நெருங்கிய உறவினர் அனுப்பும் பரிசுகளுக்குத் தீர்வை இல்லை. நெருங்கிய உறவினர் என்பது பெற்றோர், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணையின் உடன்பிறந்தார். பெற்றோர் காலமாகிவிட்டார்கள். உடன்பிறந்தவன் ஒருவன் உண்டு. பக்கத்துத் தெருவில் டயர் கடை வைத்திருக்கிறான், பேச்சுவார்த்தை கிடையாது. பொய்யில்கூட அவனிடமிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொள்ள மிச்சம் தயாராக இல்லை. குனிந்தார்.

"மச்சான் மேடம். வீட்டுக்காரியோட அண்ணன்."

அதிகாரி அனுப்பியவரின் பெயரைப் படித்தார். நாக்கைக் கொஞ்சம் மடக்கித்தான் படிக்க முடிந்தது.

"மச்சான் பேரு இப்படியா இருக்கும்?"

"அங்க போனதும் மாத்திக்கிட்டாருங்க. குளிருக்கு."

"குளிருக்குச் சட்டையை மாத்துவாங்க. பேரையா மாத்துவாங்க?"

"அவரு எல்லாத்தையும் மாத்திட்டாரு மேடம். அதான் எங்களுக்கு வருத்தம்."

"மனைவியைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வந்து என் அண்ணன்தான்னு கையெழுத்துப் போடட்டும். சீக்கிரம் வாங்க, வாடகை ஓடுது."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பேட்ஜ் அக்கா நூல்கண்டைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டு எனக்கு அண்ணனைப் புடிச்சீங்க?"

அவள் நாலு பெண்களில் மூத்தவள். அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து சண்டை முற்றும்போதெல்லாம் மிச்சம், "போய்ச் சொல்லு, உங்க அண்ணன் வந்து கேக்கட்டும்" என்று முடிப்பார். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவரே ஒரு அண்ணனோடு வந்து நிற்கிறார்.

"ஒரே ஒரு கையெழுத்து. சும்மா தலையை ஆட்டு. கார்டு வந்துடும்."

அவள் கருகிய கார்டைப் பார்த்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். "அவரு எப்பப் போனாரு?"

"யாரு?"

"என் அண்ணன்."

"ஓ. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதுன்னு வெச்சுக்க."

"நம்ம கல்யாணத்துக்கு வந்தாரா?"

"வரலைன்னு வெச்சுக்க. வந்தாருன்னா போட்டோ கேப்பாங்க."

"ஏன் வரலை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"சொந்தத் தங்கச்சி கல்யாணம். அதுக்குக்கூட வராம அங்க என்ன கிழிச்சாரு?"

மிச்சம் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். இரண்டு நிறுத்தம் தாண்டி அவள் மறுபடியும், "அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்களே, அப்பவும் வரலைதானே?" என்றாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. இறங்குவதற்குள் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

ஓட்டையின் முன் இருவரும் ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்கக் குனிந்தார்கள்.

"இவரு உங்க அண்ணன்தானா?" அதிகாரி, மிச்சம் நீட்டிய போனில் இருந்த தாடிக்காரரின் படத்தைக் காட்டினார்.

"பேருக்கு அண்ணன்."

"அப்படின்னா?"

பேட்ஜ் அக்கா வாயைத் திறந்தாள். மிச்சம் எதிர்பார்த்தது தலையாட்டல்.

"என் கல்யாணத்துக்கு வரலை மேடம். அம்மா படுத்தப்ப வரலை. போனப்பவும் வரலை. நாலு பொண்ணுங்க நாங்க. அப்பாவுக்கு அப்புறம் மூணு தங்கச்சியையும் நான்தான் கரையேத்தினேன். துணி வெட்டி வெட்டி விரலைப் பாருங்க. என்னம்மா பண்றேன்னு ஒரு போன் உண்டா? இவரு என்னைத் திட்டினா ஏன்டா திட்டினேன்னு கேக்க ஒரு ஆளு உண்டா? இப்ப ஒரு கார்டை அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடுமா?"

கண்ணீர் ஓட்டையின் விளிம்பில் விழுந்தது. பக்கத்து ஜன்னல்களில் வேலை நின்றது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அண்ணன்மாருங்க அப்படித்தாம்மா" என்றார். மிச்சத்துக்கே மச்சான்மீது ஆத்திரம் வந்தது. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை என்ற முறையில், "விடு, அவருக்கு என்ன கஷ்டமோ" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"எனக்கும் ஒருத்தன் இருக்கான்மா. போன் எடுக்க மாட்டான். உங்க அண்ணனுக்கு வீடியோ கால் போடுங்க. நானே கேக்கறேன்."

"வேண்டாம் மேடம்" என்றார் மிச்சம். "அங்க விடிஞ்சிருக்காது."

"தங்கச்சி அழறா, அவருக்குத் தூக்கம் என்ன தூக்கம்? போடுங்க."

போட வேண்டியதாயிற்று. மிச்சம் மனதுக்குள் வேண்டிக்கொண்டார். எடுக்கக் கூடாது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார் தாடிக்காரர். கொட்டகையில்தான் இருந்தார். கையில் ஆவி பறக்கும் குவளை. அதிகாரி ஓட்டைக்குள் கையை விட்டுப் போனை வாங்கிக்கொண்டார். அவர் பேசப் பேசப் போன் மொழிமாற்றி அங்கே சொன்னது. அங்கிருந்து வருவதைச் செய்தி வாசிப்பவர் குரலில் இங்கே சொன்னது. கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, இந்த அம்மாவுக்கு நீங்க ஒரு போன் பண்ணக் கூடாதா?"

தாடிக்காரர் யோசித்தார். போன் சொன்னது. 'மன்னிக்கவும். நான் அழைக்க வேண்டும் என்பதை அறிந்திருக்கவில்லை. அட்டை வேலை செய்கிறதா?'

"அட்டையை விடுங்க. இவங்க கல்யாணத்துக்கு ஏன் வரலை?"

'எனக்கு அழைப்பு வரவில்லை.'

கூடத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. அதிகாரி பேட்ஜ் அக்காவைப் பார்த்தார். "கூப்பிடவே இல்லையாமே?"

"அட்ரஸ் தெரியாதுங்க மேடம்" என்றாள் அவள்.

"அது தப்பும்மா. என்ன இருந்தாலும் அண்ணன்." அதிகாரி போன் பக்கம் திரும்பினார். "சரி, ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. கூடப் பிறந்த தங்கச்சிதானே, மனசுல வெச்சுக்காதீங்க."

தாடிக்காரர் குவளையைக் கீழே வைத்தார். 'தவறான புரிதல் உள்ளது. எனக்குத் தங்கை இல்லை. நான் ஒரே பிள்ளை. இந்தப் பெண்மணியை இப்போதுதான் முதன்முறையாகக் காண்கிறேன். இவருடைய இயந்திரத்துக்கு என்னிடம் அட்டை வாங்கினார். இவருடைய கணவர் பரிசு என்று எழுதச் சொன்னார். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதினால் பொய். ஆகவே பணம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது அது பரிசு.'

போன் மட்டும் தொடர்ந்தது. 'தங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும்.'

பேட்ஜ் அக்கா தன் போனை எடுத்தாள். வங்கிச் செய்திகளை அவள் படிப்பதில்லை, எல்லாம் கடன் வாங்கச் சொல்லும் செய்திகள். கீழே போய்த் தேடினாள். பணம் திரும்பி வந்து பல நாள் ஆகியிருந்தது. தபால் செலவுகூட.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "நிஜமாவே சும்மா குடுத்திருக்காரு."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப நீங்க அழுதது?"

"அது நிஜந்தான் மேடம். வேணும்னு அழலை. அதுவா வந்துடுச்சு."

"என்னையும் அழ வெச்சிட்டீங்க." அவர் மிச்சத்தைப் பார்த்தார். மிச்சம் ஓட்டையைவிடக் கீழே குனிந்திருந்தார். "உங்களுக்கு அபராதம் போடலாம். ஆனா பேப்பர்ல எழுதினதெல்லாம் உண்மை. பொய் உங்க வாயிலதான் இருந்தது. வாய்க்கு எங்ககிட்ட தனிப் படிவம் இல்லை."

"நன்றி மேடம்."

"உறவு இல்லாதவங்க குடுத்த பரிசு. அதுக்குத் தீர்வை உண்டு. விலைக்கு வாங்கினதா நேரா எழுதியிருந்தா, இந்த விலைக்குத் தீர்வையே கிடையாது."

மிச்சம் நிமிர்ந்தார். நிமிர்ந்ததில் தலை ஜன்னல் விளிம்பில் இடித்தது.

பெட்டியைத் திறந்தார்கள். கார்டு இரண்டு தடித்த கம்பளிச் சாக்ஸுக்குள் பத்திரமாக இருந்தது. பனிமான் உருவம் பின்னிய சாம்பல் நிறச் சாக்ஸ். துவைத்தது, ஆனால் புதிது இல்லை. ஒன்றின் குதிகாலில் ஒட்டுப் போட்டிருந்தது. அதிகாரி முகம் மாறியது.

"இது அறிவிக்கப்படலை. பயன்படுத்திய உடை. இதுக்குத் தனி விகிதம்."

"எவ்வளவுங்க?"

சொன்னார். கார்டுக்குக் கட்டுவதைவிட அதிகம்.

"சாக்ஸை நீங்களே வெச்சுக்கங்க மேடம்."

"வேண்டாம்னா எழுதிக் குடுங்க. அழிச்சிடுவோம். அழிக்கறதுக்குக் கட்டணம் இருக்கு."

"அது எவ்வளவு?"

அது சாக்ஸின் தீர்வையைவிட அதிகம்.

பேட்ஜ் அக்கா கணவரை ஒரு கையால் ஒதுக்கினாள். திரும்பி வந்த பணத்திலிருந்து கார்டு, சாக்ஸ், வாடகை எல்லாவற்றையும் கட்டினாள். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அவள் பேரம் பேசாமல் பணம் கட்டியதை மிச்சம் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். பேருந்தில் வீடு திரும்பினார்கள். கார்டை அவள் மடியில் வைத்திருந்தாள். சாக்ஸை அவர் வைத்திருந்தார்.

ரிப்பேர்காரர் கார்டைப் பொருத்தினார். ஸ்டெபிலைசர் தலையணைப் பக்கத்திலிருந்து பழைய இடத்துக்குத் திரும்பியது. மெஷின் ஒருமுறை இருமியது. ஊசி இறங்கியது. முதல் ஆந்தை வெளியே வந்தது. கண்கள் இரண்டும் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கார்டுக்கு ஊர் புதுசு. பழகிடும்" என்றார் ரிப்பேர்காரர். ஏதோ திருகினார். இரண்டாவது ஆந்தை நேராகப் பார்த்தது. சமையலறையில் தட்டுகள் பேச ஆரம்பித்தன. மிச்சம் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

பள்ளி திறந்த அன்று அத்தனை பெண்களின் சட்டையிலும் ஆந்தை இருந்தது. கடைசி மூட்டையை மிச்சம்தான் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார். ஆட்டோ வைக்கவில்லை. மிச்சம்.

"அண்ணனுக்கு ஏதாவது அனுப்பணும்" என்றாள் பேட்ஜ் அக்கா. கிடங்கிலிருந்து வந்த பிறகும் அவள் தாடிக்காரரை அண்ணன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டு நூலில் ஒரு ஆந்தையைத் தனியாகத் தைத்தாள். இறகுக்கு மூன்று நிறம். உறையில் போட்டு மிச்சத்திடம் கொடுத்துத் தபால் ஆபீசுக்கு அனுப்பினாள்.

மிச்சம் வழியில் உறையைப் பிரித்துப் பார்த்தார். பட்டு ஆந்தை. இதை ஒரு சட்டைக்காவது விற்கலாம். அவர் பையில் முதல் ஆந்தை, மூக்கைப் பார்க்கும் ஆந்தை, வீணாகக் கிடந்தது. அங்கே குளிரில் யார் கண்ணைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார். மாற்றி வைத்து ஒட்டினார். படிவத்தில் பரிசு என்று எழுதினார். விலை என்ற இடத்தில் நேர்மையாகவே சைபர் போட்டார்.

தாடிக்காரரிடமிருந்து பதில் வந்தபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் வந்தது. கொட்டகையில் நிற்கிறார். தலையில் கம்பளித் தொப்பி. தொப்பியின் முன்புறத்தில், நட்ட நடுவில், ஆந்தை தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் உயர்நிலைப் பள்ளி என்று தமிழில்.

பேட்ஜ் அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு மிச்சத்தைப் பார்த்தாள். மிச்சம் தட்டைப் பார்த்தார்.

"பட்டு ஆந்தை எங்க?"

"பத்திரமா இருக்கு."

அவள் கையை ஓங்கியபோது போன் செய்தியை வாசிக்க ஆரம்பித்தது.

'அன்புள்ள அம்மையார், பறவை வந்து சேர்ந்தது. இங்குள்ள சுங்க அதிகாரி, அனுப்பியவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். நான் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. என் தங்கை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. உறையைத் திறந்தார். பறவையைப் பார்த்தார். இதை உறவினரைத் தவிர வேறு யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லித் தீர்வை இல்லாமல் விட்டுவிட்டார்.'

ஓங்கிய கை அப்படியே நின்றது. பேட்ஜ் அக்கா போனை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வைத்துக் கேட்டாள். 'என் தங்கை' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"பாத்தியா" என்றார் மிச்சம், தைரியம் வந்தவராக. "பட்டு ஆந்தையை அனுப்பியிருந்தா அவருக்கு டூட்டி போட்டிருப்பான்."

"எங்க அண்ணன்கிட்ட சொல்றேன் இருங்க. வந்து கேப்பாரு."

அண்ணனைச் சொல்லிச் சண்டையை முடித்தது அவள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மிச்சம் கையைக் கழுவிக்கொண்டு மதியச் சுற்றுக்குக் கிளம்பினார். வெயில் தெருவை உரித்துக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் மீட்டரைக் காட்டிவிட்டு அவருடைய காலைப் பார்த்தாள். இரண்டு இடது கால் செருப்புக்குள், முழங்கால்வரை ஏறிய சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸ். பனிமான்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது, இந்த வெயில்ல?"

"டூட்டி கட்டினது" என்றார் மிச்சம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சும்மா கழட்டி வெச்சா நட்டம்."